கொதித்த நீரில் எஞ்சியது

அந்த வீட்டுக்கு இரண்டு தண்ணீர் இருந்தது. ஒன்று குழாய்த் தண்ணீர். கண்டிப் பக்கம் திகனைக்கு மேலே எங்கள் பாதையில் இருந்த குடும்பங்கள் சேர்ந்து போட்டுக்கொண்ட நீர்த்திட்டம் அது. மழை பெய்தால் தேநீர் நிறத்தில் வரும். தொடர்ந்து வெயில் அடித்தால் வரவே வராது. மற்றது வீட்டுக்குப் பின்னால் இருந்த பீலி. மலைச்சரிவில் கசிந்த ஊற்றில் எப்போதோ யாரோ ஒரு குழாய்த் துண்டைச் செருகிவிட்டிருந்தார்கள். விரல் பருமனில் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும். எந்த அடைமழையிலும் அது கலங்கி நான் பார்த்ததில்லை.

மகனுக்குப் பால்மா கரைக்க வேண்டி வந்தபோது, இரண்டு தண்ணீரையும் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் பிடித்துக் குசினி ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரின் அடியில் செம்மண் படிந்தது. பீலித் தண்ணீர் இருந்த கோப்பையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. பிள்ளைக்குப் பீலித் தண்ணீர்தான் என்று முடிவெடுத்தேன். எதையும் ஒருமுறை முடிவெடுத்து நிம்மதியாக இருக்கத் தெரியாதவள் நான். வீட்டைப் பூட்டினால் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். ஆனால் அந்தத் தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பால்மா கொடுக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. பிரசவம் முடிந்து சில வாரங்களில் ஒரு பக்க மார்பில் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்து, கீறி எடுக்க வேண்டியதாயிற்று. மறுபக்கத்திலும் பால் குறைந்துகொண்டே போனது. வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் மருத்துவமாதுவை நாங்கள் மிஸ்ஸி என்போம். தாய்ப்பாலை விட்டுவிடாதே என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தவர், பிள்ளையின் எடை ஏறாமல் நின்றதும் பேச்சை மாற்றினார். டாக்டரும் சரி என்றார். கடையில் பால்மாப் பெட்டியைக் கேட்டு வாங்கும்போது, திருடிவிட்டு வருகிறவளைப்போலப் பையின் அடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும் என்று மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குமிழி வந்ததும் இறக்கினால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். நான் கண்டி நகரத்து மஹய்யாவையில் வளர்ந்தவள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் நின்றவள். கிருமி என்றால் என்ன, வெப்பம் அதை என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் சொன்னதற்கு இரண்டு மடங்கு செய்தேன். காலையில் விறகு அடுப்பில் கேத்தலை ஏற்றினால் மதியம்வரை அது இறங்காது. பாதியாகச் சுண்டினால் மேலும் கொஞ்சம் பீலித் தண்ணீர் ஊற்றி மறுபடியும் கொதிக்கவிடுவேன். பிளாஸ்க்கில் மிஞ்சிய சுடுதண்ணீரைக்கூடக் கொட்ட மனம் வராமல் கேத்தலிலேயே ஊற்றித் திரும்பக் காய்ச்சுவேன். இரண்டு முறை காய்ந்த தண்ணீர் ஒரு முறை காய்ந்ததைவிடச் சுத்தம் என்பது என் கணக்கு.

எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவு முழுவதும் மரக்கறித் தோட்டம். போஞ்சி, இலை உருண்டு திரளும் கோவா, ஒரு ஓரத்தில் தக்காளி. தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு கணவனும் மனைவியும் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த அக்காதான் எனக்கு அங்கே இருந்த ஒரே துணை. அவர்கள் வீடு தோட்டத்தின் உச்சியில் இருந்தது. நீர்த்திட்டத்தின் குழாய் அவ்வளவு உயரத்துக்குப் போகாததால் அவரும் எங்கள் பீலிக்கு வந்துதான் தண்ணீர் எடுப்பார். கேனைப் பீலியடியில் வைத்துவிட்டு, அது நிறையும்வரை குசினி வாசலில் நின்று கதைப்பார். நான் மாலையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் சொல்லிக்கொடுத்ததால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மகனைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, கோவாவோ ஒரு பிடி போஞ்சியோ வைத்துவிட்டுப் போவார்.

"ஏன் டீச்சர், அந்தக் கேத்தலுக்கு உயிர் இருந்தா இந்நேரம் போலீசுக்குப் போயிருக்கும்" என்றார் ஒரு நாள்.

நான் சிரித்துக்கொண்டே இன்னொரு விறகைத் தள்ளினேன்.

உரம் மானியத்தில் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. யூரியா மூட்டைகளை அவருடைய கணவர் தோளில் சுமந்து எங்கள் வாசலைக் கடந்து போவார். ஜவ்வரிசி மணிபோல வெள்ளை வெளேரென்றிருக்கும் அது. அக்கா சேலைத்தலைப்பை மடியாகக் கட்டி அதில் அள்ளிக்கொண்டு வரிசை வரிசையாக வீசிக்கொண்டு போவதை நான் குசினியிலிருந்து பார்ப்பேன். அளவு சொல்லிக்கொடுக்க வந்த விவசாய உத்தியோகத்தரைப் பற்றி அவர் கேலியாகச் சொல்வார். ஐயா சொல்கிற அளவைப் போட்டால் கோவா எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் வரும் என்பார். அவரைத் தப்பு சொல்லவும் முடியாது. சந்தையில் சின்னக் கோவாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு போகம் தவறினால் அவர்கள் மறுபடியும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத்தான் போக வேண்டும்.

மகனுக்கு இரண்டு மாதம் கடந்திருக்கும். குளிக்கவைத்துத் துவட்டும்போது அவன் உதட்டைச் சுற்றி ஒரு நிறம் தெரிந்தது. கரிய நிறம் அல்ல, நீலம் என்றும் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்த சிலேட்டின் நிறம். நகத்தடியிலும் அது இருந்தது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நிழலில் கொண்டுவந்து பார்த்தேன். என் கணவர் வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன். திகனையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் இரும்புக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார் அவர். நாள் முழுக்க இலக்கங்களைப் பார்த்துச் சிவந்த கண்களோடு பிள்ளையைக் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்னும் தெரியலையே" என்றார். கண்டியில் குளிர் தொடங்கியிருந்த நேரம். குளிராக இருக்கும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஹய்யாவையிலிருந்து அவருடைய அக்கா வந்தார். நான் மதினி என்று கூப்பிடுபவர். அவரிடமும் காட்டினேன். மதினி பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அப்பன் நெறம் புள்ளைக்கு வந்தா அதுக்கு மருந்து இருக்கா? நீ புத்தகத்தப் படிச்சுப் படிச்சு நல்லா இருக்கிற புள்ளைய நோயாளியாக்காத" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குப் போய், அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்டாலும் அடுத்த நாளே கிளினிக்குக்குப் போனேன். இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று பயந்துதான் போனேன். அங்கே இருந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயச் சத்தம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். வார்டில் ஒட்சிசன் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பால்மாவை வார்டுச் சுடுதண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். அந்தச் சுடுதண்ணீர் வாளியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனை பேர் தொட்டதோ, எவ்வளவு நேரம் கொதித்ததோ என்று நினைத்தேன். ஆனால் மகன் தெளிந்தான். அந்தச் சிலேட்டு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. வீட்டுக்கு வரும் நாளில் அவன் உதடு மாதுளை முத்துப்போல இருந்தது. நெஞ்சுச்சளி என்று எழுதி அனுப்பினார்கள். மதினி போனில், "பாத்தியா, சளிதானே" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் உடம்பு மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்னும் கவனமாக இருந்தேன். சளி என்றால் கிருமி. அதனால் கேத்தலை இன்னும் கூடுதலான நேரம் அடுப்பில் வைத்தேன். பாலுக்கு இடையில் காய்ச்சி ஆறிய தண்ணீரும் கரண்டியால் கொடுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. மேலே அக்கா இரண்டாவது தடவை யூரியா போட்டு முடித்திருந்தார். சரியான நேரத்தில் மழை வந்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். கம்பளையில் கட்டிக்கொடுத்த தன் மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்றும், என் மகனுக்குப் பின்னிய அதே நூலில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொப்பி பின்னிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

நிறம் திரும்பி வந்தது. அதோடு வயிற்றோட்டமும் வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீர்ச்சத்து குறையக்கூடாது என்பதுதான். உப்பும் சீனியும் கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன், அதே கேத்தல் தண்ணீரில். காலையில் அவன் அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். ஓட்டோ பிடித்து ஓடினோம்.

இந்தத் தடவை வார்டில் இருந்தவர் ஒரு இளம் யாழ்ப்பாணத்து டாக்டர். பிள்ளையின் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தவர், அதை வெள்ளைப் பஞ்சில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது சிவப்பாக இல்லை. கொக்கோ கரைத்ததுபோல இருந்தது. காற்று பட்டும் சிவக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பிள்ளைக்கு எந்தத் தண்ணியில பால்மா கரைக்கிறனீங்கள்?"

பீலித் தண்ணீர், நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன் என்றேன்.

"எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறனீங்கள்?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"பீலிக்கு மேல தோட்டம் ஏதும் இருக்கோ?"

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. அவர் நர்சைக் கூப்பிட்டு ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்தினார். ஒரு நீல மருந்து. அதை ஏற்றியதும் கொஞ்ச நேரத்துக்கு மகனின் உதட்டில் நிறம் வந்தது. நான் கண்டேன், அவரும் கண்டார். ஆனால் வயிற்றோட்டத்தில் உடம்பு வற்றிப்போயிருந்தது. மதியம் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்துகொண்டிருந்தபோது அவன் மூச்சு நின்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு வெளியே போனார். சாம்பார் மணம் மட்டும் அங்கே நின்றது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இரண்டு தண்ணீரையும் போத்தல்களில் பிடித்துக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் கேட்டடியில் நின்றபடியே முடிவைச் சொன்னார். நான் வேண்டாமென்று தள்ளிய கலங்கல் தண்ணீரை வடித்துக் காய்ச்சினால் பிள்ளைக்குக் கொடுக்கலாமாம். பீலித் தண்ணீரில் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று, இருக்கக்கூடிய அளவைத் தாண்டிப் பல மடங்கு இருந்ததாம்.

அவர் விளக்கத் தொடங்கினார். நான் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்தப் பாடம் எனக்குத் தெரியும். யூரியா மண்ணில் விழுந்ததும் அமோனியமாக மாறும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும். செடி வேரால் உறிஞ்சி இலையைப் பச்சையாக்குவது பெரும்பாலும் அதைத்தான். களிமண் துணிக்கைகளுக்கு எதிர் மின்னேற்றம், அதாவது மறை ஏற்றம். அதனால் நேர் ஏற்றமுள்ள அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளும். நைத்திரேற்றுக்கும் மறை ஏற்றம் என்பதால் மண்ணால் அதைப் பிடிக்க முடியாது. செடி எடுத்தது போக மிஞ்சியதெல்லாம் மழையோடு இறங்கிவிடும். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே இருந்த அக்காவின் தோட்டத்தைத்தான் உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். மழை பெய்தால் அது எங்கே போகும் என்று கேட்டேன். கீழே போகும் டீச்சர் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். சரி என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போனேன். நாங்கள் இருந்த வீடு கீழேதான் இருந்தது.

எனக்குத் தெரியாத பகுதி ஒன்றுதான், அதை அந்த டாக்டர் பிறகு சொன்னார். கைக்குழந்தையின் இரைப்பையில் புளிப்பு குறைவு. அதனால் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றிவிடும். அது இரத்தத்திலுள்ள இரும்பின் தன்மையை மாற்றிவிடும். பிறகு அந்த இரும்பால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. பெரியவர்கள் அதே தண்ணீரைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். கேத்தல் சுண்டச் சுண்ட அதில் எஞ்சுவது கூடிக்கொண்டே போகும்.

கொஞ்சம் சோம்பேறியான ஒரு தாயாக நான் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன். குமிழி வந்ததும் இறக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கிற தாயாக. அப்படி இருந்தாலும் அந்தத் தண்ணீர் அவனுக்கு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அது உண்மையா, ஆறுதலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் கணவர் மேலே போய்ச் சண்டை போடுவதாகச் சொன்னார். போகவில்லை. கேட்டைத் திறந்து பாதையில் இறங்கி, பாதி தூரம் ஏறிப்போய், ஒரு கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அங்கே இருந்தவர்களைத் திட்ட என்ன வார்த்தை இருக்கிறது? அக்கா தினமும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். மகனுக்கு இதயத்தில் கோளாறு என்று மதினி எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அக்காவும் அதையே நம்பியிருந்தார். நான் திருத்தவில்லை. என்னால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத நாட்கள் அவை. பரிசோதகர் மேலேயும் போய்ச் சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னாரா என்று விசாரிக்கவில்லை.

ஒரு காலையில் பீலியடியில் கேனின் சத்தம் கேட்டது. அக்கா. முகத்தில் சந்தோஷம் தெரியாமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு நின்றார். மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்து முந்தின நாள்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தார்களாம். என் முன்னால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பிள்ளை எப்படி என்று நானே கேட்டேன்.

"நல்லா இருக்கான் டீச்சர். அவளுக்குப் பாலுதான் இன்னும் சரியா எறங்கல. இப்போதைக்கு சீனித்தண்ணி குடுக்குறோம்." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "பயப்படாதீங்க, நீங்க செய்ற மாதிரியே நல்லா சுண்டக் காய்ச்சித்தான் குடுக்குறேன்" என்றார்.

நான் போய்க் கேனைக் கவிழ்த்தேன். அவர் பயந்து பின்னால் போனார்.

"இந்தத் தண்ணிய அந்தப் புள்ளைக்குக் குடுக்காதீங்கக்கா. காய்ச்சியும் குடுக்காதீங்க."

"ஏன் டீச்சர்? நாங்க எல்லாரும் இதத்தானே குடிக்கிறோம்."

என் மகனுக்கு இதயத்தில் ஒன்றும் இருக்கவில்லை என்றேன். தண்ணீரில் என்ன இருந்தது என்று சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோல ஏற்றம், துணிக்கை என்றெல்லாம் சொல்லாமல், செடி எடுத்தது போக மிச்சம் மழையில் கீழே வந்துவிடுகிறது, மண் அதைப் பிடித்து வைப்பதில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பித் தன் தோட்டத்தைப் பார்த்தார். கோவா நன்றாக உருண்டு திரண்டிருந்தது.

"நாங்க போட்ட உரமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் மட்டும் காரணம் இல்லை என்பதும் உண்மைதான். நான் குனிந்து கவிழ்ந்த கேனை நிமிர்த்தினேன். அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் திட்டுங்க டீச்சர். ஒரு வார்த்தையாவது திட்டுங்க."

திட்ட முடியவில்லை. கட்டிப்பிடித்து அழவும் முடியவில்லை. குழாயில் பிடித்து வடித்து வைத்திருந்த தண்ணீரை அந்தக் கேனில் ஊற்றினேன். நானே அதைத் தூக்கிக்கொண்டு போஞ்சி வரிசைகளுக்கு நடுவே மேலே ஏறினேன். அவர் பின்னால் வந்தார். வீட்டுக்குள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அக்கா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பிள்ளையை நீங்களே பாருங்கள் என்றார்.

அக்காவின் மகள் சுவரில் சாய்ந்து களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கினேன். உதட்டைப் பார்த்தேன், சிவப்பாக இருந்தது. அவன் தலையைத் திருப்பி என் சட்டையில் வாயை வைத்துத் தேடினான். எனக்குப் பால் வற்றி வெகுநாள் ஆகியிருந்தது. அவனைத் தாயின் மடியில் வைத்தேன். அவள் முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். பிள்ளையின் வாய் நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, மிஸ்ஸி எனக்குக் காட்டித்தந்ததுபோலவே அவன் தாடை அழுந்தும்படி மார்போடு சேர்த்துப் பிடித்தேன். ஒரு தடவை நழுவினான். இரண்டாவது தடவையும் நழுவினான். பிறகு பிடித்துக்கொண்டான்.

"வலிக்குதுங்க" என்றாள் அவள்.

"கொஞ்சம் வலிக்கும். எடுக்காத."

அவன் விழுங்கும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே இருந்தேன்.